பீஃப், மட்டன், போர்க்: நார்மன் கதையை வகுப்பில் சொல்லலாமா?

மணிமேகலை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பருவம் 'ஆங்கில மொழி வரலாறு' தாள் எடுக்கிறேன். நான் நாவல், நாடகம் நடத்திப் பழகியவள். சொற்களின் வரலாறு எனக்கும் கொஞ்சம் புதிதுதான்.

நோட்ஸில் தவறாமல் வரும் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள். மாடு மேய்த்தவன் ஆங்கிலேயன், அதைத் தின்றவன் பிரெஞ்சு பேசிய துரை. அதனால்தான் தொழுவத்தில் நின்றால் கௌ, ஷீப், பிக். தட்டுக்கு வந்தால் பீஃப், மட்டன், போர்க். பிள்ளைகள் ரசித்துக் கேட்கிறார்கள். ஆனால் கடைசி பெஞ்சில் ஒரு பையன், "அப்ப சிக்கன் மட்டும் ஏன் மேம் ரெண்டு இடத்துலயும் சிக்கன்?" என்றான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. கேள்வி நியாயமானது.

இந்தக் கதையை அப்படியே சொல்லலாமா, இல்லை கதை என்று சொல்லித்தான் சொல்ல வேண்டுமா? பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்ததை வேறு எப்படி நடத்தலாம்?

நூலகப்பூனை

அந்தப் பையனை முதல் பெஞ்சுக்கு மாற்றுங்கள் டீச்சர்.

கதை பாதி சரி. பீஃப், மட்டன், போர்க், வீல், வெனிசன் (மான் கறி) ஐந்தும் பிரெஞ்சு வழி வந்தவை. கௌ, ஷீப், ஸ்வைன், காஃப், டியர் ஐந்தும் நார்மன்களுக்கு முன்பே அங்கே இருந்தவை. இதில் சண்டையே இல்லை.

மீதிப் பாதி வால்டர் ஸ்காட்டின் கைவண்ணம். 1819இல் வந்த ஐவன்ஹோ நாவலின் முதல் அத்தியாயத்திலேயே வாம்பா என்ற கோமாளி, கர்த் என்ற பன்றி மேய்ப்பவனிடம் இதை விளக்குவான். கதை நடப்பது 12ஆம் நூற்றாண்டில். ஆனால் அந்த நூற்றாண்டில் வாழ்ந்த எவனும் அப்படிப் பேசியிருக்க முடியாது. காரணம், இந்தப் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்த பிறகும் பல நூறு வருடம் உயிருள்ள விலங்கையும் குறித்தன. தொழுவம், தட்டு என்ற பிரிவு அப்போது இல்லை.

ஆதாரம் உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தின் முதல் அங்கம், மூன்றாம் காட்சி. மனிதச் சதை ஒரு பவுண்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்று வட்டிக்காரன் ஷைலாக் கேட்கும் இடம். மட்டன்களுடைய, பீஃப்களுடைய, ஆடுகளுடைய சதை அளவுக்குக்கூட அதற்கு விலை கிடையாது என்கிறான். மட்டனின் சதை! அதாவது அங்கே மட்டன் என்பது செம்மறி ஆடு. அதேபோல 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளில் லேவியராகமம் 22ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பலி கொடுக்கக் கொண்டுவரும் மாட்டை பீவ்ஸ் என்கிறார்கள், பீஃபின் பன்மை. பலிக்கு ஓட்டி வருவது உயிருள்ள மாட்டைத்தானே? 1066இலிருந்து கணக்குப் போட்டால் ஐந்நூறு வருடம் தாண்டியாயிற்று. பீஃப் இன்னும் நான்கு காலில் நடந்துகொண்டிருக்கிறது.

சிக்கன், ஃபிஷ், லேம்ப், கோட் எல்லாம் இரண்டு இடத்திலும் ஒரே பெயரோடு நிற்கின்றன. நார்மன் துரைகள் கோழி சாப்பிடாமலா இருந்தார்கள்?

சமையல்கட்டு சிவா

எங்கள் ஓட்டலில் மட்டன் என்றால் வெள்ளாடு. வெள்ளைக்காரர்கள் வந்து கேட்டால் 'ஷீப்பா, கோட்டா' என்று ஒரு விசாரணையே நடக்கும். இந்தச் சொல் இன்னும் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

ஹைகோர்ட் வராந்தா

பூனையார் சொன்னதோடு ஒரு கேள்வி. துரைமார் பிரெஞ்சு பேசியதால் ஆங்கிலத்தில் பிரெஞ்சுச் சொற்கள் கலந்தன என்றால், 1066ஐ ஒட்டித்தானே அதிகம் வந்திருக்க வேண்டும்? அப்படி வந்ததா?

நூலகப்பூனை

இல்லை சார். நோட்ஸில் கோட்டை விடும் இடமே இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எந்தச் சொல் எந்த ஆண்டில் முதன்முதலாக எழுத்தில் வருகிறது என்று பட்டியல் போட்டால், 1066க்குப் பிறகு நூறு, நூற்றைம்பது வருடம் வரை பிரெஞ்சுச் சொற்கள் சொட்டு சொட்டாகத்தான் விழுகின்றன. கொட்டுவது 1250க்கும் 1400க்கும் இடையில். இங்கிலாந்தில் பிரெஞ்சின் செல்வாக்கு இறங்கிக்கொண்டிருந்த காலம் அது! கேட்டால் தலைகீழாகத் தெரியும். யோசித்தால் அப்படித்தான் இருக்க முடியும். துரை வீட்டில் பிரெஞ்சு, அரண்மனையில் பிரெஞ்சு, வழக்கு மன்றத்தில் பிரெஞ்சு என்று இருந்தவரை அவனுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. உழவன் ஆங்கிலம் பேசினான், அவனுக்குப் பிரெஞ்சு தேவைப்படவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தெரு, ஆனால் போக்குவரத்து குறைவு.

1204இல் ஜான் மன்னர் நார்மண்டியை இழந்தார். கடலுக்கு இரண்டு பக்கமும் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டிய நிலை. இங்கிலாந்தில் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் மெதுவாக ஆங்கிலத்துக்கு மாறினார்கள். மாறும்போது பழகிய சொற்களை விட்டுவிட்டா வருவார்கள்? அரசாங்கம், வரி, நீதி, உடை, சமையல் என்று எதையெல்லாம் பிரெஞ்சிலேயே யோசித்துப் பழகியிருந்தார்களோ அந்தச் சொற்களை அப்படியே ஆங்கில வாக்கியத்துக்குள் இறக்கினார்கள். ஆபீசில் நாள் முழுக்க ஆங்கிலம் புழங்கிவிட்டு வீட்டுக்கு வந்து தமிழில் பேசும்போது 'அந்த ப்ராஜெக்ட் டெட்லைன் தள்ளிப்போச்சு' என்கிறோமே, அதே கதை.

1348இல் வந்த கொள்ளைநோயும் சேர்ந்துகொண்டது. ஆள் பற்றாக்குறையால் உழைப்பவன் கூலி ஏறியது, கூடவே அவன் மொழியின் மதிப்பும் ஏறியது. 1362இல் நீதிமன்றங்களில் வழக்காடுவது ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

ஹைகோர்ட் வராந்தா

அந்த 1362 சட்டத்தை எழுதியது பிரெஞ்சு மொழியில். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே!

ஆர்டர் போடுவது ஒரு நாள், அமலுக்கு வருவது இன்னொரு யுகம். நீதிமன்ற ஆவணங்கள் லத்தீனிலேயே தொடர்ந்தன. வக்கீல்கள் தங்களுக்குள் ஒரு மாதிரி உடைந்த பிரெஞ்சில் 17ஆம் நூற்றாண்டு வரை குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்கள். ஆவணங்களும் முழுக்க ஆங்கிலத்துக்கு மாறியது 1733இல்தான். அதனால் எங்கள் தொழிலில் இன்றைக்கும் பாதிச் சொல் பிரெஞ்சு: ஜூரி, அட்டர்னி, ப்ளெயின்டிஃப், டிஃபென்டன்ட். வங்கியில் கையெழுத்துப் போடும் மார்ட்கேஜ் 'செத்த அடமானம்'. மார்ட் என்றால் செத்தது, கேஜ் என்றால் ஈடு.

கல்ப்ரிட் என்ற சொல்லுக்குத் தாய் தகப்பனே கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவன் 'நான் செய்யவில்லை' என்றதும் அரசுத் தரப்பு எழுத்தர் பிரெஞ்சில் 'குற்றவாளிதான், நிரூபிக்கத் தயார்' என்று பதில் சொல்ல வேண்டும். அதைச் சுருக்கி ஏட்டில் 'கல். ப்ரிட்' என்று குறித்தார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தச் சுருக்கத்தையே ஒரு சொல்லாக வாசித்து, எதிரே நிற்கும் ஆளின் பட்டமாக்கிவிட்டார்கள்.

மணிமேகலை டீச்சர்

சார், அருமை. சட்ட ஆவணங்களில் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிறார்களே, வில் அண்ட் டெஸ்டமென்ட், குட்ஸ் அண்ட் சாட்டல்ஸ் என்று. ஒன்று ஆங்கிலேயனுக்கு, ஒன்று நார்மனுக்கு என்று சொல்வது சரியா?

ஹைகோர்ட் வராந்தா

அந்த இரண்டுக்கும் பொருந்தும். வில், குட்ஸ் பழைய ஆங்கிலம். டெஸ்டமென்ட் லத்தீன், சாட்டல்ஸ் பிரெஞ்சு. ஆனால் எல்லா ஜோடிக்கும் அந்தச் சாவி சேராது. நல் அண்ட் வாய்ட் இரண்டுமே பிரெஞ்சு. இன்னொரு பக்கம், உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து முதல் பக்கத்தில் குடியரசுத் தலைவர் பெயரால் அச்சிட்டிருக்கும் வேண்டுகோளைப் படியுங்கள். இந்த ஆளை 'லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' இல்லாமல் போக விடுங்கள் என்று இருக்கும். அங்கே லெட், ஹிண்ட்ரன்ஸ் இரண்டும் ஆங்கிலோ-சாக்சன், அதாவது பழைய ஆங்கில வேர்தான். நார்மனுக்கு அதில் வேலையே இல்லை. பத்திரம் எழுதுபவருக்கு அடுக்குவதில் ஒரு ருசி, அவ்வளவுதான். மணியக்காரர் காலத்துக் கிரயப் பத்திரங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

சமையல்கட்டு சிவா

லெட் என்றால் 'விடு' தானே? விடாமல் போக விடுவதா?

ஹைகோர்ட் வராந்தா

அது வேறு லெட் தம்பி. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள், உச்சரிப்பில் சற்று வித்தியாசம். ஒன்றுக்கு 'அனுமதி', இன்னொன்றுக்கு 'தடு'. காலப்போக்கில் ஒலி தேய்ந்து இரண்டும் லெட் ஆகிவிட்டன. எதிரெதிர்ப் பொருள் கொண்ட இரண்டு சொல் ஒரே உருவத்தில் இருந்தால் பிழைப்பு ஓடுமா? தடுக்கும் லெட் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. பாஸ்போர்ட்டிலும் டென்னிஸ் ஆட்டத்திலும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சர்வீஸ் வலையில் பட்டுப் போனால் 'லெட்' என்கிறார்களே, அது.

ஒஸ்லோத் தம்பி

வணக்கம் டீச்சர். நான் யாழ்ப்பாணம், இப்போது நோர்வேயில் இருக்கிறேன். எல்லோரும் பிரெஞ்சைப் பற்றியே கதைக்கிறீர்கள், அதற்கு முதல் இந்தப் பக்கத்திலிருந்து கடல் வழியாக வந்த வைக்கிங் ஆட்களை விட்டுவிட்டீர்கள்.

793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்ததில் தொடங்கிய கதை. கொள்ளையடிக்க வந்தவர்கள் பிறகு குடும்பத்தோடு வந்து, நிலம் பிடித்து, பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிட்டார்கள். வடக்கு, கிழக்கு இங்கிலாந்தில் டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று 'பி'யில் முடியும் ஊர்கள் எல்லாம் அவர்கள் வைத்த பெயர்கள். இங்கே இன்றைக்கும் அதே சொல்லுக்கு நகரம் என்றுதான் அர்த்தம்.

நான் இங்கே வந்து மொழி படிக்கும்போது பல சொற்கள் ஏற்கனவே தெரிந்த முகங்களாக இருந்தன. முட்டைக்கு எக். கத்திக்கு க்னீவ். ஆங்கிலத்தில் நைஃப் என்று எழுதும்போது முன்னால் ஊமையாக நிற்கும் கே எழுத்தை இவர்கள் இன்னும் வடிவாக உச்சரிக்கிறார்கள். ஸ்கை என்று ஆங்கிலத்தில் வானத்துக்குச் சொல்லும் சொல் இங்கே மேகத்தைக் குறிக்கும். ஆங்கிலத்திலும் அது முதலில் மேகமாகத்தான் இருந்ததாம். அந்த நாட்டு வானத்தைப் பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதானே! விண்டோ என்ற சொல்லும் இங்கிருந்து போனதுதான். நோர்வேயில் இரண்டு எழுத்து வழக்குகள் உண்டு. அதில் நீநோர்ஸ்க் என்பதில் சன்னலுக்கு 'விண்டவ்கெ' என்று எழுதுவார்கள். விண்ட் என்றால் காற்று, அவ்கெ என்றால் கண். காற்றுக் கண். நாங்கள் சாளரம், சன்னல் என்று எதைச் சொன்னாலும், காலதர் என்று பழைய தமிழில் ஒரு சொல் இருக்கிறதல்லவா, காற்று வரும் வழி. இரண்டு ஊரிலும் கண்ணாடி இல்லாத காலத்துச் சொற்கள்.

நூலகப்பூனை

தம்பி சொன்னதில் எனக்குப் பிடித்தது எக். அதை வைத்து ஒரு வகுப்பே எடுக்கலாம் டீச்சர்.

இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன் 1490இல் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். தேம்ஸ் ஆற்றில் சில வணிகர்கள் கப்பலில் நெதர்லாந்தின் சீலாந்துக்குப் போகக் காத்திருக்கிறார்கள். காற்று இல்லை. சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கரைக்கு இறங்கினார்கள். ஷெஃபீல்ட் என்ற துணி வியாபாரி ஒரு வீட்டில் போய் 'எக்ஸ்' வேண்டும் என்கிறார். வீட்டுக்கார அம்மா, எனக்குப் பிரெஞ்சு தெரியாது ஐயா என்கிறாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! கடைசியில் கூட இருந்த இன்னொருவர், அவருக்கு 'ஐரன்' வேண்டுமாம் என்றார். அப்படிச் சொல்லுங்கள், புரிகிறது என்றாள் அந்த அம்மா.

எக் வைக்கிங்குகள் கொண்டுவந்தது, வடக்கே புழங்கியது. ஐரன் பழைய ஆங்கிலம், தெற்கே புழங்கியது. ஜெர்மனில் முட்டைகளுக்கு இன்றும் ஐயர் என்றுதான் பெயர் (இதை வைத்து யாரும் புதுக் கோட்பாடு கிளப்ப வேண்டாம்). இந்த நாளில் ஒருவன் எதை எழுதுவது, எக்ஸா ஐரனா என்று காக்ஸ்டன் புலம்புகிறார். அச்சகம் வைத்திருப்பவனின் கவலை அது. ஒரு எழுத்து கோத்துவிட்டால் ஊரெல்லாம் போகும்.

அந்தப் பத்தியில் இன்னும் சரக்கு இருக்கிறது. ஷெஃபீல்ட் வீட்டுக்குள் போனதும் முதலில் கேட்டது 'மீட்'. இறைச்சி கேட்கவில்லை. அன்றைக்கு மீட் என்றால் பொதுவாகச் சாப்பாடு. இனிப்புப் பண்டத்தை ஸ்வீட்மீட் என்று சொல்வது அந்தப் பொருளில்தான். 'கேட்டார்' என்பதற்குக் காக்ஸ்டன் எழுதியிருப்பது ஆக்ஸ்ட். இன்று யாராவது ஆஸ்க் என்பதை ஆக்ஸ் என்றால் திருத்துகிறோம். காக்ஸ்டன் அச்சிலேயே அப்படிக் கோத்தவர்.

வைக்கிங் விஷயத்தில் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது, அவர்கள் தந்தவை மிகச் சாதாரணச் சொற்கள் என்பதுதான். டேக், கெட், டை, ஸ்கின், லெக், ராங், ஹஸ்பண்ட். லா என்ற சொல்லே அவர்களுடையதுதான் வக்கீல் சார். தே, தெம், தேர் என்ற மூன்றும் அவர்கள் தந்தவை. ஒரு மொழி அடுத்த மொழியிடம் பலகாரப் பெயரை வாங்கும், ஆயுதப் பெயரை வாங்கும். 'அவர்கள்' என்ற சொல்லைக் கடன் வாங்குவது அபூர்வம். இரண்டு பக்கமும் சம்பந்தம் செய்து, சந்தையில் தினமும் முகம் பார்த்துப் பேசியிருந்தால்தான் அது நடக்கும். அதுவும் ஒரே நாளில் நடக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டுக் கடைசியில் லண்டனில் எழுதிய கவிஞர் சாஸர் தே என்று எழுதுகிறார், ஆனால் தெம் இருக்க வேண்டிய இடத்தில் பழைய ஹெம்தான்.

அடையாளம் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி: ஆங்கிலோ-சாக்சன் வாயில் 'ஸ்க்' என்பது 'ஷ்' ஆகிவிட்டது. ஷிப், ஃபிஷ், ஷர்ட். வைக்கிங் வாயில் அப்படியே நின்றது. ஸ்கை, ஸ்கின், ஸ்கர்ட். ஷர்ட்டும் ஸ்கர்ட்டும் ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகள். ஆனால் ஸ்கூலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது கிரேக்கத்தில் பிறந்து லத்தீன் வழி வந்தது.

குமரிக்கண்டத்தான்

எல்லாம் சரி, எல்லாரும் வைக்கிங்கும் நார்மனும் என்கிறீர்கள். எய்ட் என்பது எட்டு. ஒன் என்பது ஒன்று. கேஷ் என்பது காசு. கண்ணுக்கு எதிரே இருப்பதைச் சொல்ல ஏன் தயக்கம்? ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கான சொல் தமிழ் வேர். வெள்ளைக்காரன் அகராதி அதை ஒப்புக்கொள்ளாது.

நூலகப்பூனை

அண்ணே, வெள்ளைக்காரன் அகராதி ஒப்புக்கொண்ட தமிழ்ச் சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டுமரம், சுருட்டிலிருந்து செரூட், மிளகுத்தண்ணீர், கறி, குருந்தத்திலிருந்து கொரண்டம் என்ற கனிமம் எல்லாம் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் தமிழ் என்றே இருக்கின்றன. ஜிஞ்சருக்குள் இஞ்சியும் வேரும் இருக்கின்றன. அது பிராகிருதம், கிரேக்கம், லத்தீன் என்று ஊர் சுற்றிப் போன சொல். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியத்தைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். மறைத்துவைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

இப்போது எய்ட். இன்றைய உருவத்தை மட்டும் பார்த்தால் எட்டோடு கச்சிதமாகப் பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டையும் பின்னோக்கி நடத்திப் பார்க்கலாம். எய்ட் என்று எழுதும்போது நடுவில் ஜி, எச் என்று இரண்டு எழுத்து ஊமையாக நிற்கின்றனவே, அவை முன்பு ஊமை இல்லை. நம் ஆய்தம் மாதிரி தொண்டையில் உரசி வந்த ஒலி. பழைய ஆங்கிலத்தில் அது எயஹ்த, ஜெர்மனில் இன்றும் அக்ட், லத்தீனில் ஆக்டோ, சம்ஸ்கிருதத்தில் அஷ்ட. போகப் போக நடுவில் ஒரு ககரம் வலுக்கிறது.

நம் எட்டு? எண்பது, எண்ணூறு, எண்திசை. அடி 'எண்'. கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. போகப் போக ஒரு ணகரம் வலுக்கிறது. இரண்டும் ஒரே வேராக இருந்தால் பழைய காலத்துக்குப் போகப் போக நெருங்க வேண்டும். இவை விலகிப் போகின்றன. இன்றைக்கு ஒரே மாதிரி ஒலிப்பது சந்தையில் இரண்டு பேர் ஒரே நிறச் சட்டையில் எதிர்ப்பட்டதுதான்.

ஒன் கதையும் அதேதான். பழைய ஆங்கிலத்தில் ஆன். இப்போது முன்னால் கேட்கும் வகரம் பிற்காலத்தில் ஒரு வட்டார வழக்கிலிருந்து ஒட்டியது. அதனால்தான் ஓன்லி, அலோன் இரண்டிலும் அந்த வகரம் இல்லை, ஒன்னில் மட்டும் இருக்கிறது.

கேஷ்தான் சுவாரசியம். ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு கேஷ் தனித்தனிப் பதிவாக இருக்கின்றன. ரொக்கப் பணம் என்ற கேஷ், பெட்டி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியன், பிரெஞ்சு வழி வந்தது. பணப்பெட்டி, பிறகு பணம். இன்னொரு கேஷ் தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சில்லறை நாணயத்தின் பெயர். அது நம் காசு, போர்த்துக்கீசியர் வாய் வழியாகப் போனது. ஆக, கேஷ் காசுதான், ஆனால் ஏடிஎம்மில் எடுக்கும் கேஷ் அல்ல.

குமரிக்கண்டத்தான்

ஆக்ஸ்ஃபோர்ட் சொன்னால் வேதம். சரி, நடத்துங்கள்.

நெறியாளர்

இழை மணிமேகலை டீச்சரின் வகுப்பைப் பற்றியது. தமிழ் வேர் பற்றிப் பேச வேறு இழை இருக்கிறது, அங்கே தாராளமாகத் தொடரலாம்.

தனித்தமிழ் இனியன்

எனக்கு வேறு ஐயம். 1916இல் மறைமலையடிகள் தொடங்கியது போல, ஆங்கிலத்தில் அயற்சொல் வேண்டாம் என்று யாரும் கிளம்பவில்லையா? பிரெஞ்சும் லத்தீனும் இந்த அளவுக்குக் கொட்டியபோது ஒருவருக்குமா உறுத்தவில்லை?

நூலகப்பூனை

உறுத்தியது ஐயா. 16ஆம் நூற்றாண்டில் பெரிய சண்டையே நடந்தது. படித்தவர்கள் லத்தீனிலிருந்து அள்ளி அள்ளி இறக்கிய சொற்களுக்கு 'மைக்கூட்டுச் சொற்கள்' என்று கேலிப் பெயர் வைத்தார்கள். 1557இல் ஜான் சீக் எழுதிய கடிதத்தில், நம் மொழியைக் கலப்பில்லாமல் தூய்மையாக எழுத வேண்டும் என்றார். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது செய்தும் காட்டினார். லூனடிக் வேண்டாம், 'மூன்ட்' போதும், நிலா பிடித்தவன். நூறு பேருக்குத் தலைவனான செஞ்சூரியனுக்கு 'ஹண்ட்ரடர்'. இத்தனைக்கும் அவர் கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியர்!

1573இல் ரால்ஃப் லீவர் தர்க்க நூல் எழுதி அதற்கு 'விட்கிராஃப்ட்' என்று பெயர் வைத்தார், அறிவுக்கலை. டெஃபனிஷன் அவருக்கு 'சேவாட்', கன்க்லூஷன் 'எண்ட்சே'. 19ஆம் நூற்றாண்டில் டார்செட் வட்டாரக் கவிஞர் வில்லியம் பார்ன்ஸ் இலக்கணத்துக்கு 'ஸ்பீச்கிராஃப்ட்' என்றார். எதுவும் நிற்கவில்லை. ஆனால் 1846இல் வில்லியம் தாம்ஸ் என்பவர் நாட்டார் வழக்காற்றுக்கு நல்ல சாக்சன் சொல்லாகப் பார்த்து 'ஃபோக்லோர்' என்று வைத்தார், அது நின்றுவிட்டது. உலகம் முழுக்கப் போனது.

எதிர்த்தரப்பின் கூத்தையும் சொல்ல வேண்டும். 1553இல் தாமஸ் வில்சன், மைக்கூட்டுப் பண்டிதர்களைக் கிண்டல் செய்ய லத்தீன் மயமான ஒரு போலிக் கடிதம் எழுதினார். படிப்பவன் சிரிக்க வேண்டும் என்பது நோக்கம். அதில் உள்ள செலிப்ரேட், எக்ஸ்டால், டெக்ஸ்டெரிட்டி, கெப்பாசிட்டி, மண்டேன் எல்லாம் இன்று எல்லோரும் எழுதும் சொற்கள். இன்ஜென்ட், மேக்னிஃபிகல் மாதிரி சில செத்துப்போயின. எது நிற்கும், எது போகும் என்று அன்றைக்கு அவராலும் சொல்ல முடியவில்லை.

எனக்குத் தோன்றுவது: சீக் தோற்றதற்குக் காரணம் அவர் சொற்கள் மோசம் என்பதல்ல. ஹண்ட்ரடர் நல்ல சொல். அவர் பக்கம் ஒரு கூட்டம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, பத்திரிகை இல்லை. நமக்கு அவை இருந்தன, அதனால் நிறையச் சொற்கள் நின்றன.

தனித்தமிழ் இனியன்

கடைசி வரிக்கு நன்றி. ஆனால் ஆங்கிலத்தில் இப்போது சாக்சன் சொல் எத்தனை விழுக்காடு மிச்சம்?

நூலகப்பூனை

எதை எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆக்ஸ்ஃபோர்டின் சுருக்கப் பதிப்பில் உள்ள ஏறத்தாழ 80,000 சொற்களை வைத்து 1973இல் வெளிவந்த கணக்கு ஒன்று உண்டு. பிரெஞ்சு 28 விழுக்காடு, லத்தீன் 28, பழைய ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானியச் சொற்கள் 25. அகராதியைப் பார்த்தால் ஆங்கிலம் லத்தீனின் மகள். ஆனால் அடிக்கடி வரும் முதல் நூறு சொற்களை எடுங்கள்: தி, ஆஃப், அண்ட், டு, இன், இஸ். ஏறக்குறைய எல்லாம் சாக்சன், நடுவில் வைக்கிங் கொடுத்த தே, தெம். பேசிப் பார்த்தால் ஜெர்மனின் தங்கை.

மணிமேகலை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. காக்ஸ்டன் பத்தியைப் பிரதி எடுத்துக் கொடுக்கப்போகிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். ஒன்று, கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல்லில் பி எழுத்து ஏன் என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். இரண்டு, ஆஸ்க், கொஸ்டியன், இன்டராகேட் மாதிரி மூன்று மூன்றாக வருபவை. ஷேக்ஸ்பியர் 1,700 சொற்களை உருவாக்கினார் என்று ஒரு மாணவி ப்ராஜெக்ட் எழுதியிருக்கிறாள், அதையும் யாராவது சொல்லுங்கள்.

ஒஸ்லோத் தம்பி

இது மூன்று கேள்வி டீச்சர்.

நூலகப்பூனை

டெட் பிரெஞ்சிலிருந்து வந்தபோது பி இல்லை, ஆங்கிலத்திலும் நெடுங்காலம் பி இல்லாமல்தான் எழுதினார்கள். பிறகு லத்தீன் மோகம் தலைக்கேறிய பண்டிதர்கள், மூலம் 'டெபிடும்' என்ற லத்தீன் சொல் அல்லவா என்று ஒரு பி-யைச் செருகினார்கள். டவுட்டிலும் அப்படியே. ரிசீட்டில் ஒரு பி (பேப்பரில் வருமே, அந்த பி). அதே குடும்பத்துப் பிள்ளையான டிசீட்டுக்குச் செருக மறந்துவிட்டார்கள். ஐலண்டில் உள்ள எஸ் இன்னும் மோசம். அது சுத்தமான சாக்சன் சொல், லத்தீனோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஐல் என்ற பிரெஞ்சுச் சொல்லோடு குழப்பிக்கொண்டு எஸ் போட்டார்கள். நானூறு வருடமாக உலகமெங்கும் பிள்ளைகள் இதற்கு அடி வாங்குகிறார்கள்.

மும்மூன்று: கிங்லி, ராயல், ரீகல் ஒரு மூன்று; ரைஸ், மவுண்ட், அசெண்ட் இன்னொரு மூன்று. முதலாவது சாக்சன், இரண்டாவது பிரெஞ்சு, மூன்றாவது லத்தீன். வீட்டுச் சொல், சபைச் சொல், ஏட்டுச் சொல் என்று வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சே இரண்டு தடவை வந்த இடமும் உண்டு. நார்மண்டி வழக்கில் வகரம், பாரிஸ் வழக்கில் ககரம். அதனால்தான் வார்டன், கார்டியன் என்று இரண்டு, வாரண்டி, கேரண்டி என்று இரண்டு. ஃப்ரிட்ஜ் வாங்கும்போது கடைக்காரர் இரண்டையும் எழுதித் தருகிறார், நாமும் வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

ஷேக்ஸ்பியர் எண்ணிக்கையை அப்படியே விடாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்கான யோசனை 1857இல் வந்தது, முதல் பகுதி 1884இல், முடிந்தது 1928இல். தன்னார்வலர்கள் நூல்களைப் படித்து, சொல்லும் மேற்கோளும் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பித் தொகுத்தது அது. ஷேக்ஸ்பியரை எல்லோர் வீட்டிலும் வைத்திருந்தார்கள், வரி வரியாகப் படித்தார்கள். அதே காலத்துத் துண்டுப் பிரசுரத்தை யார் படித்தார்கள்? அதனால் பல சொற்களுக்கு முதல் சாட்சி அவர் ஆகிவிட்டார். பழைய அச்சுகள் கணினியில் தேடக் கிடைத்தபின் பல சொற்களுக்கு அவருக்கு முந்தைய சாட்சி அகப்பட்டுக்கொண்டிருக்கிறது. முதல் மேற்கோளின் ஆண்டு, சொல் எழுத்தில் மாட்டிக்கொண்ட ஆண்டு. பிறந்த ஆண்டு அல்ல. அந்த மாணவியிடம் பத்துச் சொல்லை மட்டும் எடுத்து, இன்றைய பதிப்பில் எந்த ஆண்டு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். ப்ராஜெக்ட் தானாக மாறிவிடும்.

சீட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. பாண்ட்மெய்ட் என்ற சொல்லின் சீட்டுகள் எங்கோ தவறிப்போய், அந்தச் சொல்லே இல்லாமல் முதல் பதிப்பில் அந்தத் தொகுதி அச்சாகிவிட்டது.

சமையல்கட்டு சிவா

எங்கள் மெனு கார்டில் பாதி அயிட்டம் விட்டுப்போவது போல. எனக்கு ஒரே ஒரு சந்தேகம், வீல் என்பது கன்றுக்குட்டிக் கறிதானே? அதை இங்கே ஏன் யாரும் சொல்வதில்லை?

ஒஸ்லோத் தம்பி

கேட்டால்தானே சொல்லுவதற்கு அண்ணா.

ஹைகோர்ட் வராந்தா

டீச்சர், உங்கள் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி தவிர்த்த மற்ற நீதிபதிகளை எங்கள் வழக்கில் 'ப்யூனி ஜட்ஜ்' என்போம். எழுதுவது வேறு மாதிரி, எஸ் எல்லாம் போட்டு, பழைய பிரெஞ்சு முறையில். பிறகு பிறந்தவர், இளையவர் என்று பொருள். அதே சொல்லை மக்கள் காதில் கேட்டபடி எழுதியபோது பி, யு, என், ஒய் என்று ஆகி, நோஞ்சான் என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. ஜூனியர்கள் இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு வராந்தாவில் ஒரே சிரிப்பு. கோர்ட் ஹாலுக்குள் யாரும் சிரிக்கவில்லை.